பழைய பஜேரோ எஸ்.எஃப்.எக்ஸ். வாங்கலாமா? இருபது வருஷ ஆசை, வழி சொல்லுங்கள்

பொள்ளாச்சி_ராஜா | மே 4, இரவு 9.40

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

2003-ல் வால்பாறையில் ஒரு டீ ஃபேக்டரியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் மேனேஜரிடம் ஒரு பஜேரோ எஸ்.எஃப்.எக்ஸ். இருந்தது, மிட்சுபிஷி கம்பெனியின் பெரிய ஃபோர்வீல் ஜீப். ஆடி மாத மழையில் பச்சை இலை ஏற்றி வந்த டிராக்டர் ஒன்று சேற்றில் அச்சு வரை இறங்கிவிட்டது. பத்துப் பேர் தள்ளியும் அசையவில்லை. மேனேஜர் ஒரு வார்த்தை பேசாமல் வண்டியைப் பின்னால் கொண்டுவந்து கயிறு கட்டச் சொன்னார். கியர் லிவருக்குப் பக்கத்தில் இருந்த குட்டி லிவரை இழுத்தார். டிராக்டர் வெளியே வந்தது. அன்றைக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தது நான். டாஷ்போர்டின் மேல் வட்டமான குட்டி மீட்டர்கள் இருக்குமே, வண்டி சாய்ந்தால் அதற்குள் இருக்கும் வண்டிப் படமும் சாயுமே, அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்போது என் சம்பளம் 3,200 ரூபாய்.

இப்போது 47 வயது. பொள்ளாச்சியில் ஹார்டுவேர் கடை. மகள் படிப்பு முடித்து வேலைக்குப் போய்விட்டாள். கையில் 6 லட்சம் இருக்கிறது. இரண்டு வண்டிகள் பார்த்து வைத்திருக்கிறேன்.

ஒன்று 2010 மாடல், டெல்லி நம்பர். கோவையில் ஒரு வியாபாரியிடம் நிற்கிறது. 82,000 கி.மீ. ஓடியதாகச் சொல்கிறார்கள். பளபளவென்று இருக்கிறது. கேட்பது 3.4 லட்சம்.

இன்னொன்று 2008 மாடல், குன்னூரில் ஒரு ஓய்வுபெற்ற டாக்டருடையது. ஒரே ஓனர், டி.என். 43, நீலகிரி நம்பர். ஆனால் 1,96,000 கி.மீ. ஓடியிருக்கிறது. இரண்டு பக்கமும் கீறல், முன் பம்பர் நிறம் மங்கல். அவர் கேட்பது 5.25 லட்சம், பேரம் கிடையாதாம்.

வீட்டில் “யானையைக் கட்டித் தீனி போடப் போறீங்களா?” என்கிறார்கள். என்ன செய்யட்டும்?

தார்_தம்பி | மே 4, இரவு 10.15

அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள். 6 லட்சத்தை முன்பணமாகக் கட்டிப் புது வண்டி எடுங்கள். வாரண்டி இருக்கும், நிம்மதியாகத் தூங்கலாம். பஜேரோவின் கம்பெனி ஷோரூம் உங்கள் ஊர்ப் பக்கம் எங்கே இருக்கிறது?

டீசல்மணி | மே 5, காலை 6.20

தம்பி சொல்வது கணக்குப்படி சரி. ஆனால் ராஜா சார் கேட்டது கணக்கு இல்லை. இருபது வருஷமாக மனதில் நிற்கிற வண்டிக்குப் பதிலாக வேறொன்றை வாங்கினால், சிக்னலில் பழைய பஜேரோ பக்கத்தில் வந்து நிற்கும்போதெல்லாம் கண் அங்கேதான் போகும்.

நான் கோவையில் முப்பது வருஷமாக டீசல் வண்டி வேலை பார்க்கிறேன். இந்த வண்டி திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் கோத்தது. 2002-லிருந்து ஏறக்குறைய பத்து வருஷம் வந்தது. வெளிநாட்டில் அதற்குள் புது பஜேரோ வந்துவிட்டது, நமக்குக் கிடைத்தது அதற்கு முந்தைய தலைமுறை. அதில் ஒரு நன்மை உண்டு. இது சேஸிஸ் மேல் பாடி உட்கார்ந்த வண்டி, அடிதாங்கி. என்ஜின் 4எம்40, 2.8 லிட்டர் டர்போ டீசல். டைமிங் பெல்ட் கிடையாது, செயின். ஒழுங்காக ஆயில் மாற்றினால் நாம் சலித்துப் போவோமே தவிர அது சலிக்காது.

அதற்கு ஆகாத ஒன்று சூடு. என்ஜினின் மேல்மூடி, அதாவது ஹெட், அலுமினியம். ஒருமுறை நன்றாகக் கொதித்துவிட்டால் ஹெட்டில் விரிசல் விழும். அதனால் கிலோமீட்டரைப் பார்த்து மயங்க வேண்டாம், தண்ணீரைப் பாருங்கள். போகிற அன்று என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் வைக்கச் சொல்லுங்கள். போனதும் பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்னால் யாரோ அதை “எழுப்பி” வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஜில்லென்று இருந்தால் ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலை உள்ளே விட்டுப் பாருங்கள். பச்சையோ சிவப்போ தெளிவான கூலன்ட், அதாவது என்ஜினைக் குளிரவைக்கும் திரவம், இருக்க வேண்டும். துருப்பிடித்த தேநீர் மாதிரி இருந்தாலோ, மேலே எண்ணெய் மிதந்தாலோ, டீ குடித்துவிட்டு வீடு வந்து சேருங்கள்.

மூடியைத் திறந்தபடியே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முதலில் நாலைந்து குமிழி வந்து அடங்கும், அது சும்மா காற்று. நிற்காமல் சோடா மாதிரி வந்துகொண்டே இருந்தால் எரிந்த வாயு தண்ணீருக்குள் போகிறது. ஸ்டார்ட் ஆன முதல் சில நொடி செயின் கடகடவென்று சத்தம் போட்டு நின்றால் பொறுத்துக்கொள்ளலாம். நிற்காவிட்டால் செயின் செலவையும் விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

நீலகிரி_ஃபோர்வீல் | மே 5, காலை 11.05

மணி அண்ணன் என்ஜினைச் சொல்லிவிட்டார், நான் காகிதத்தைச் சொல்கிறேன்.

டெல்லி வண்டி ஏன் மலிவு? தலைநகர் பகுதியில் பத்து வயது தாண்டிய டீசல் வண்டி ஓடக்கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் உத்தரவிட்டது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அங்கே நல்ல வண்டிகள்கூட அடிமாட்டு விலைக்கு வந்தன, தெற்கே வந்து இறங்கின. நன்றாக இருக்கிற டெல்லி வண்டியும் உண்டு, நானே ஓட்டியிருக்கிறேன். ஆனால் அந்த ஆர்.டி.ஓ. கொடுத்த என்.ஓ.சி., அதாவது படிவம் 28-ல் தரும் தடையில்லாச் சான்று, கையில் இருக்கிறதா என்று பாருங்கள். “வந்துடும் சார், ஏஜென்ட்கிட்ட சொல்லியிருக்கு” என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அது இல்லாமல் இங்கே நம்பர் மாற்ற முடியாது. என்.ஓ.சி. இருந்தாலும் தமிழ்நாட்டு சாலை வரி தனியாகக் கட்ட வேண்டும். அதையும் சேர்த்தால் 3.4 லட்சம் என்பது 3.4 லட்சம் இல்லை. பணம் கொடுக்கும் முன் உங்கள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் நேரில் போய்க் கேட்டுவிடுங்கள்.

குன்னூர் வண்டிக்கு 2023-லேயே 15 வருஷம் முடிந்திருக்கும். ஆர்.சி. புதுப்பித்திருக்கிறாரா பாருங்கள். 2022 ஏப்ரலிலிருந்து காருக்கு அந்தக் கட்டணம் 5,000 ரூபாய். 20 வயதைத் தாண்டினால் 10,000. பழைய பேங்க் கடன் ஆர்.சி.யில் அப்படியே நிற்கிறதா என்பதையும் பாருங்கள். கடன் எப்போதோ முடிந்திருக்கும், ஹெச்.பி., அதாவது அந்தக் கடன் பதிவை, கேன்சல் பண்ண மறந்திருப்பார்கள். படிவம் 35-ல் பேங்க் கையெழுத்து வாங்க நீங்கள் அலைவதைவிட அவர் அலைவது நல்லது.

ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் எடுத்துப் போங்கள். சேஸிஸ் நம்பர் மேல் தாளை வைத்துத் தேய்த்து எடுத்து ஆர்.சி.யோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். அப்படியே கீழே குனிந்து பின் சக்கரங்களுக்கு மேலே சேஸிஸ் வளைகிற இடத்தை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். இந்த வண்டி துருப்பிடித்தால் அங்கேதான் பிடிக்கும். புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் நாலு தட்டுத் தட்டுங்கள்.

பொள்ளாச்சி_ராஜா | மே 11, இரவு 8.30

இரண்டையும் பார்த்துவிட்டேன்.

கோவையில் பத்து மணிக்கு வருகிறேன், ஸ்டார்ட் செய்யாமல் வையுங்கள் என்று போனில் சொல்லியிருந்தேன். ஒன்பதே முக்காலுக்கே போனேன். பானட் சுட்டது. “காலையில் கழுவ எடுத்தோம் சார்” என்றார்கள். சரி என்று உள்ளே உட்கார்ந்தேன். மீட்டரில் 82,000. கிளட்ச் பெடல் ரப்பரில் கோடுகள் மொத்தமும் தேய்ந்து கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. ஸ்டியரிங் உறை மட்டும் புதுசு. என்.ஓ.சி.க்கு நீலகிரி அண்ணா சொன்ன அதே பதில், கிட்டத்தட்ட அதே வார்த்தைகளில். சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

குன்னூரில் டாக்டர் ஒரு ஃபைலை எடுத்து மேஜையில் வைத்தார். 2008-லிருந்து ஒவ்வொரு பில்லும், தேதியும் கிலோமீட்டரும் அவர் கையெழுத்தில். (டாக்டர் கையெழுத்துதான். பாதி புரியவில்லை.) பானட் பனிபோல ஜில்லென்று இருந்தது. குமிழி நாலைந்தோடு நின்றது. செயின் சத்தம் இரண்டு நொடி. சேஸிஸ் டங் டங் என்று வெண்கலம் மாதிரி சொன்னது. ஆர்.சி. 2028 வரை இருக்கிறது, ஹெச்.பி. இல்லை.

ஒரே ஒரு நெருடல். ரேடியேட்டரில் கூலன்ட் இல்லை, வெறும் தண்ணீர், லேசாகப் பழுப்பு. “கடைசி மூன்று வருஷமாக டிரைவர் பார்த்துக்கொண்டான்” என்றார். பில்களும் 2022-க்குப் பிறகு இல்லை.

டீசல்மணி | மே 11, இரவு 9.10

வாங்குங்கள். ஆனால் வாங்கிய கையோடு மலைக்குப் போகாதீர்கள். முதலில் ரேடியேட்டரைக் கழற்றி வேலை பார்க்க வேண்டும். மீதி 75,000-ஐத் தொடாமல் வையுங்கள். அது வண்டியின் பணம்.

வவுனியா_வரதன் | மே 12, காலை 7.45

அண்ணை, வவுனியாவில இருந்து எழுதுறன். எங்கட பக்கம் பஜேரோ எண்டா ஒரு காலத்தில அமைச்சர்மாரும் பெரிய ஆக்களும் ஓடின வாகனம். ரோட்டில வந்தா சனம் ஒதுங்கி நிக்கும். இப்ப அதே வாகனங்கள் வயல்காரரிட்டயும் கடைக்காரரிட்டயும் நிக்குது. 2020-ல வாகன இறக்குமதியை நிப்பாட்டி, 2025-லதான் திரும்பத் திறந்தவை. அந்த அஞ்சு வருசமும் பழசைக் காப்பாத்திறதைத் தவிர எங்களுக்கு வேற வழி இல்லை. அதால கொஞ்சம் படிச்சிட்டம்.

ஒரு சின்ன வேலை சொல்லுறன். ஒவ்வொரு நாளும் காலமை ஸ்டார்ட் பண்ண முதல், ரேடியேட்டருக்குப் போற மேல் ஹோஸைக் கையால அமத்திப் பாருங்கோ. இரவு முழுக்க ஆறின வாகனத்தில அது மெத்தெண்டு இருக்கவேணும். விடியவும் இறுக்கமா இருந்தா ஹெட்டைச் சந்தேகப்படுங்கோ.

பொள்ளாச்சி_ராஜா | மே 25, இரவு 11.50

வாங்கினேன். பதினெட்டாம் தேதி பெயர் மாற்றத்துக்குக் கொடுத்தாச்சு. மணி அண்ணன் சொன்னதைக் கேட்காமல் இன்றைக்கு வால்பாறைக்குக் கிளம்பினேன். திட்டுங்கள், தகும்.

கடைப் பக்கம் இருக்கிற ஒரு ஒர்க்‌ஷாப்பில் ரேடியேட்டரை “ஃப்ளஷ்” பண்ணிக் கூலன்ட் ஊற்றியாச்சு என்றார்கள். அந்தத் தைரியம். ஆழியாறு தாண்டி ஏற ஆரம்பித்தோம். ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் வரையாடு பார்க்க நிறுத்தினோம். அது வரை என்ஜின் சூடு காட்டும் முள் நடுவிலேயே நின்றது. மனைவி, மகள், அம்மா, ஏசி முழு வேகத்தில். பதினேழாவது வளைவில் திரும்பும்போது மகள்தான், “அப்பா, அந்த முள் ஏறுது” என்றாள். நடுவிலிருந்து ஒரு விரற்கடை மேலே போயிருந்தது. அடுத்த அகலமான இடத்தில் ஓரங்கட்டினேன். ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுதாகத் திறந்து, என்ஜினை ஐடிலில் விட்டேன். மே மாதம், ஹீட்டர், உள்ளே அம்மா. அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. ஐந்து நிமிஷத்தில் முள் இறங்கியது. மூடியைத் தொடவில்லை. இரண்டாவது கியரில் மெல்லத் திரும்பி வந்துவிட்டோம்.

ஹெட் போயிருக்குமா? தூக்கம் வரவில்லை.

டீசல்மணி | மே 26, காலை 5.55

திட்டமாட்டேன். முள் அசைந்ததும் நிறுத்தினீர்களே, அதுதான் ஹெட்டின் விலை. “இன்னும் ரெண்டு வளைவுதானே” என்று ஏறியவர்களின் ஹெட்டுகள் என் பட்டறை மூலையில் கிடக்கின்றன. வண்டியைக் கொண்டுவாருங்கள். அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். வண்டி சூடாக இருக்கும்போது என்ஜினை நிறுத்திவிட்டு ரேடியேட்டர் ஃபேனைக் கையால் சுற்றுங்கள். கொஞ்சம் பிடித்துக்கொண்டு சுற்ற வேண்டும். காற்றாடி மாதிரி ஓடினால் ஃபேன் கிளட்ச்சில் இருக்கும் சிலிகான் எண்ணெய் போய்விட்டது.

காங்கேயம்_சிவா | மே 26, காலை 9.30

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியுங்கள் சார். நம்ம ஊர் வெயிலுக்கு அது எதற்கு? நான் எல்லா வண்டியிலும் முதல் நாளே கழற்றிவிடுவேன்.

நீலகிரி_ஃபோர்வீல் | மே 26, காலை 10.10

சிவா, இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பல என்ஜின்களில் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு வேலை. சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும். அதே நேரத்தில் என்ஜினுக்குள்ளேயே சுற்றுகிற பைபாஸ் வழியை அடைக்கும். அதை எடுத்துவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் சூடாகவே திரும்பி வரும். சமவெளியில் ஜில்லென்றுதான் ஓடும், “பார்த்தியா” என்பீர்கள். பாரத்தோடு மலை ஏறும்போது தெரியும்.

காங்கேயம்_சிவா | மே 26, காலை 10.40

பதினைந்து வருஷமாக ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லை.

நீலகிரி_ஃபோர்வீல் | மே 26, காலை 10.52

காங்கேயத்தில் மலை எங்கே இருக்கிறது?

பொள்ளாச்சி_ராஜா | ஜூன் 3, மாலை 6.15

மணி அண்ணன் பட்டறையில் மூன்று நாள். முதலில் ஹெட்டைச் சோதித்தார். நீல நிறத் திரவம் ஊற்றிய குழாயை ரேடியேட்டர் வாயில் வைத்து என்ஜினை ஓடவிட்டார். எரிந்த வாயு வந்தால் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறுமாம். பத்து நிமிஷம் அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். மகளின் பிளஸ் டூ ரிசல்ட்டுக்குக்கூட அப்படி நின்றதில்லை. நீலம் நீலமாகவே இருந்தது.

பிறகு தெர்மோஸ்டாட் கூட்டைத் திறந்தார். காலி. கடைசி மூன்று வருஷத்தில் யாரோ ஒரு சிவா கழற்றியிருக்கிறார். (மன்னியுங்கள் சிவா சார்.) ரேடியேட்டரைத் தனியாகக் கழற்றிப் பார்த்தால் கீழ்ப் பாதிக் குழாய்களில் தண்ணீரே இறங்கவில்லை. போர்த் தண்ணீரின் உப்பு, வீட்டு வாட்டர் ஹீட்டர் கம்பியில் படிகிற அதே வெள்ளைக் காறை. அன்றைக்கு “ஃப்ளஷ்” பண்ணியதாகச் சொன்னது, கீழே குழாயைத் திறந்து மேலே ஊற்றியதுதான். ஃபேன் கிளட்ச்சும் காற்றாடி.

புது ரேடியேட்டர் கோர், தெர்மோஸ்டாட், ஃபேன் கிளட்ச், எல்லா ஹோஸும், டிஸ்டில்டு வாட்டரோடு பாதிக்குப் பாதி கூலன்ட். கூடவே என்ஜின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் அச்சுக்கு இழுவையைப் பிரிக்கும் பெட்டி), முன் டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல் எல்லாவற்றிலும் ஆயில். மொத்தம் 41,300. அந்த 75,000-ல் பாதிக்கு மேல் போய்விட்டது. மூன்றாம் நாள் அண்ணனே பக்கத்தில் உட்கார்ந்து வால்பாறை வரை வந்தார். நாற்பது வளைவும் ஏறினோம், ஏசி போட்டபடி. முள் செத்த பாம்பு மாதிரி கிடந்தது.

இப்போது புதுத் தொல்லை. ஃபோர்வீல் போட்டால் மீட்டரில் முன் சக்கர விளக்குகள் எரியாமல் மினுக்கிக்கொண்டே இருக்கின்றன. எலக்ட்ரீஷியன் ஒருவர் “கம்ப்யூட்டர் போச்சு” என்றார்.

நீலகிரி_ஃபோர்வீல் | ஜூன் 3, இரவு 7.40

கம்ப்யூட்டரும் இல்லை, கத்திரிக்காயும் இல்லை. முன் அச்சைச் சேர்ப்பதும் பிரிப்பதும் வேக்குவம், அதாவது உறிஞ்சு காற்று. பேட்டரிப் பக்கமாக இரண்டு சின்ன சொலினாய்டு வால்வுகளும் அதிலிருந்து கீழே போகிற மெல்லிய ரப்பர் குழாய்களும் இருக்கும். இத்தனை வருஷத்தில் அந்த ரப்பர் வெடித்திருக்கும். முழுவதையும் விரலால் வளைத்து வளைத்துப் பாருங்கள். அது சரியாக இருந்தால் அடுத்து டிரான்ஸ்ஃபர் கேஸ் மேல் உள்ள ஸ்விட்சுகள்.

இன்னொன்று. மாதத்துக்கு ஒரு முறையாவது ஃபோர்வீல் போட்டு ஓட்டுங்கள். இந்த வண்டியில் 4ஹெச், அதாவது ஃபோர்வீலின் முதல் நிலை, போட்டுத் தார் ரோட்டிலும் போகலாம். முன், பின் சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் நடுவில் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றலாம். அடுத்த நிலையில் அது லாக் ஆகிவிடும், அதைச் சேற்றுக்கும் மணலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த ரோட்டில் லாக் போட்டுத் திரும்பினால் வண்டி திமிறும், செலவு வைக்கும்.

பொள்ளாச்சி_ராஜா | ஜூன் 5, காலை 8.05

ரப்பர் குழாய்தான்! நகக்கண் அளவு வெடிப்பு. புதுக் குழாய் 60 ரூபாய். “கம்ப்யூட்டர்” 18,000 என்றிருந்தார்கள்.

கதவு ரப்பர், பின் கண்ணாடி மெஷின், முன் சஸ்பென்ஷன் புஷ் எல்லாம் எங்கே வாங்குவது?

ஷார்ஜா_செல்வம் | ஜூன் 5, மதியம் 1.30

ராஜா அண்ணா, சென்னை புதுப்பேட்டையை முதலில் பாருங்கள். இங்கே ஷார்ஜாவில் பழைய பார்ட்ஸ் கடைகளிலும் கிடைக்கும், ஊருக்கு வரும்போது கொண்டுவருகிறேன். ஆனால் இரண்டு விஷயம். இந்தப் பக்கத்துப் பஜேரோ பெரும்பாலும் வி6 பெட்ரோல், அதனால் என்ஜின் சாமான் எதுவும் உங்களுக்கு ஆகாது. ஸ்டியரிங் இடது பக்கம், அதனால் டாஷ்போர்டு, வைப்பர், ஸ்டியரிங் சம்பந்தப்பட்டதும் ஆகாது. கதவு ரப்பர், கண்ணாடி மெஷின், லைட், சஸ்பென்ஷன் ஆர்ம் மாதிரி சாமான்கள் ஆகும், அதே தலைமுறை வண்டியாக இருந்தால். பழைய பாகத்தில் அச்சடித்த நம்பரைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். “பஜேரோ 2008” என்று மட்டும் கேட்டால் அடுத்த தலைமுறைச் சாமானைத் தலையில் கட்டிவிடுவார்கள்.

தார்_தம்பி | ஜூன் 5, இரவு 9.00

அண்ணா, உண்மையைச் சொல்லுங்கள், மைலேஜ் எவ்வளவு?

பொள்ளாச்சி_ராஜா | ஜூன் 6, காலை 7.20

மலையில் எட்டு, ரோட்டில் பத்து. டேங்க் 92 லிட்டர். ஒருமுறைதான் ஃபுல் பண்ணினேன். பில்லை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை.

நேற்று சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு வந்தால், அம்மா வாசலில் நின்ற வண்டிக்குள் தனியாக உட்கார்ந்திருக்கிறார். என்னம்மா என்றேன். “உயரமா இருக்குடா, காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் தெரியுது” என்றார். ஏறும்போது பிடித்துக்கொள்ளத்தான் கஷ்டப்படுகிறார். செல்வம் தம்பி, அங்கே பக்கவாட்டுப் படிப்பலகை கிடைக்குமா? நீள வண்டி, ஐந்து கதவு. வலது பக்கத்தது வளைந்திருக்கிறது, நம்பரைப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.